ஒரே இழுப்புல சாம்பலாக்கிட்டாங்க

ஸ்டூடியோவுல படத்தைக் கெடுக்கறது இதோட நாலாவது தடவை. வேலூர் கோட்டை அகழி ஓரமா அம்மாவை நிக்க வெச்சு எடுத்த படம். அரக்குச் சிவப்புப் பட்டு, கிளிப்பச்சைக் கரை. கறுப்பு வெள்ளையாக்கிப் பெருசு பண்ணச் சொல்லி ஸ்டூடியோவுல கொடுத்தேன். "பிளாக் அண்ட் ஒயிட்தானேண்ணா?" கம்ப்யூட்டர்ல சேச்சுரேஷனை, அதான் நிறத்தோட அடர்த்தியை, பிடிச்சு பூஜ்யத்துக்கு ஒரே இழுப்பு. முடிஞ்சுதாம்!

கரை எங்கே? புடவையோட கரைஞ்சு போச்சு. நெத்திக் குங்குமம் எங்கே? பின்னாடி கருங்கல் மதில், முன்னாடி அம்மா, எல்லாம் அடுப்புச் சாம்பல்.

நம்ம கண்ணுக்குப் பச்சை பளிச்சுனு தெரியும், நீலம் மங்கலாத் தெரியும். கலரைக் கறுப்பு வெள்ளை வெளிச்சமா மாத்தற பழைய டிவி கணக்குலயே சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 சதவீதம் பங்கு. அந்தக் கணக்கைப் பார்க்காம இப்படி இழுத்தா சுத்தச் சிவப்பும் சுத்தப் பச்சையும் ஒரே சாம்பல்தான். நிறத்துக்கு நிறம் வெளிச்சத்தைத் தனியா ஏத்தி இறக்க போட்டோஷாப்புல 2007லயே வசதி வந்தாச்சு. சிவப்பை மட்டும் கொஞ்சம் இறக்கினா குங்குமம் எழுந்து நிக்கும். ரெண்டு நிமிஷ வேலை. அதுக்குமா மனசு வரல?

கேட்டா, "பழைய போட்டோன்னா இப்படித்தாண்ணா இருக்கும்"ங்கறான். எங்க கூடத்துல தாத்தா கல்யாணப் படம் தொங்குது. அதுல பாட்டி புடவைச் சரிகையை இழை இழையா எண்ணலாம்டா!