வேறு வழி இருந்ததா என்று கேட்கும் நீதிமன்றம் பதிலையும் கேட்கட்டும்

காலநிலைக்காகப் போராடுகிறவர்கள் வேலி தாண்டி உள்ளே போனால் அத்துமீறல் வழக்கு வருகிறது. சரி, வரட்டும். ஆனால் "பெரிய ஆபத்தைத் தடுக்கத்தான் உள்ளே போனோம்" என்று அவர்கள் சொன்னால், அதற்கான சாட்சியத்தை நீதிமன்றம் கேட்டே ஆக வேண்டும்.

நம் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 81ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 19. பெருந்தீ பரவாமலிருக்க நல்லெண்ணத்தோடு வீடுகளை இடித்தவர் குற்றவாளி அல்ல என்று உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். ஆபத்து அவ்வளவு பெரியதா, அவ்வளவு நெருங்கிவிட்டதா என்பதை அந்தந்த வழக்கின் உண்மைகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சாட்சியத்தைக் கேட்காமல் உண்மை எப்படித் தெரியும்?

2016இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கென் வார்ட் என்ற காலநிலைப் போராளி எண்ணெய்க் குழாய் வளாகத்துக்குள் புகுந்து வால்வை மூடினார். இந்த வாதத்தை ஜூரி முன் வைக்கவே அவரை விடவில்லை. அது தவறு என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. சுவிட்சர்லாந்தில் கதை வேறு. வங்கிக்குள் டென்னிஸ் ஆடிப் போராடியவர்களை 2020இல் ஒரு நீதிபதி விடுவித்தார், மேல் நீதிமன்றங்கள் அதை மாற்றிவிட்டன.

இந்த வாதத்தை மடக்க வழக்கமாக வரும் கேள்வி, "சட்டப்படி வேறு வழி இருந்ததே?" என்பது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கும் எங்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே தெரியும். எங்கள் தாலுகாவின் பிளாச்சிமடா கிராமத்தில் நடந்தது காலநிலை வழக்கு அல்ல, கோகோ கோலா ஆலையால் வந்த நிலத்தடி நீர்ப் பிரச்சினை. ஆனால் சட்ட வழி எவ்வளவு நீளும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை. 2002 ஏப்ரலில் அந்த ஊரின் மயிலம்மாவும் ஆதிவாசி மக்களும் ஆலை வாசலில் போராட்டமாக உட்கார்ந்தார்கள். 2003இல் பெருமாட்டி பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்று அதே ஆண்டு டிசம்பரில் கேரள ஹைகோர்ட்டின் தனி நீதிபதி சொன்னார். 2005இல் அதே கோர்ட்டின் டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு) ஆலை தினமும் 5 லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது. ஆலை 2004லேயே நின்றுவிட்டது என்பது வேறு. அப்புறம் 2010இல் மாநில அரசின் உயர்மட்டக் குழு, ஆலையால் சுமார் 216 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்கிட்டது. 2011இல் கேரளச் சட்டசபை இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவே இல்லை.

உள்ளே நுழைந்த எல்லோரையும் விடுவிக்கச் சொல்லவில்லை. ஆளுக்கு ஆபத்து வருகிற மாதிரி செய்தவரை நானும் ஆதரிக்க மாட்டேன். காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படும் உரிமை அரசியல் சாசனத்தில் உண்டு என்று உச்ச நீதிமன்றமே 2024இல் சொல்லிவிட்டது. அப்படியானால் அத்துமீறல் வழக்கை விசாரிக்கும் மாஜிஸ்திரேட், அவர்கள் முன்பு கொடுத்த மனுக்களையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் ஆவணமாக ஏற்க வேண்டும். விஞ்ஞானியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற அனுமதிக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் தண்டித்தால், காரணத்தைத் தீர்ப்பில் எழுதட்டும், மேல்முறையீட்டில் அதை வைத்து வாதாடலாம்.