முதலில் மூடியை மூடித் திறந்து பாருங்கள்

கணினியில் நிறுவ எந்தக் கட்டற்ற இயங்குதளம் நல்லது, லினக்ஸா, ஃப்ரீபிஎஸ்டியா என்று யாராவது கேட்டால், உங்கள் மடிக்கணினியில் இருக்கும் வைஃபை சில்லு எது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவருக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். அவர் உரிமத்தைப் பற்றியோ வடிவமைப்பைப் பற்றியோ பேச வந்திருப்பார்.

வடிவமைப்பைப் பொறுத்தவரை என் மனமும் ஃப்ரீபிஎஸ்டி பக்கமே சாய்கிறது. லினக்ஸ் என்பது கெர்னல், அதாவது வன்பொருளை இயக்கும் மைய நிரல் மட்டுமே. அதனோடு குனு திட்டத்தின் கருவிகளையும் இன்னபிறவற்றையும் சேர்த்து முழு இயங்குதளமாக்கித் தருபவை டெபியன், ஃபெடோரா போன்ற வழங்கல்கள். ஃப்ரீபிஎஸ்டியிலோ கெர்னல், அடிப்படைக் கருவிகள், கையேட்டுப் பக்கங்கள் எல்லாம் ஒரே திட்டத்துக்குள் ஒன்றாகவே வளர்கின்றன. அங்கே பிணைய இணைப்புகளை அமைக்கும் ஐஎஃப்கான்ஃபிக் என்ற பழைய கட்டளையே இன்றும் வைஃபை வரை கவனித்துக்கொள்கிறது. லினக்ஸில் அதே பெயருள்ள கட்டளையை ஓரங்கட்டிவிட்டு ஐபி என்ற வேறொன்று வந்துவிட்டதால், பழைய குறிப்பைப் பார்த்துத் தட்டுபவருக்குப் பல வழங்கல்களில் அப்படியொரு கட்டளையே இல்லை என்ற பதில்தான் வருகிறது.

இருந்தும் என் மடிக்கணினியில் ஓடுவது டெபியன். ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி எல்லாம் அடங்கிய பிஎஸ்டி குடும்பத்து இயங்குதளம் ஒன்றை நிறுவி, இரண்டு மாதம் பிடிவாதமாகப் பயன்படுத்தினேன். மூடியை மூடினால் கணினி ஒழுங்காக உறங்கும். திறந்தால் விசிறி சுற்றும், விசைப்பலகை விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். சேமிக்காத வேலையெல்லாம் போனதுதான். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. திரையை இயக்கும் இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் டிரைவர்களை ஃப்ரீபிஎஸ்டி லினக்ஸிலிருந்துதான் எடுத்துத் தழுவிக்கொள்கிறது என்பதால், புதிய சில்லு வந்தால் காத்திருக்கவே வேண்டும். ஓபன்பிஎஸ்டியோ, சரிவர வேலை செய்யாத புளூடூத் நிரலை 2014-இல் நீக்கியேவிட்டது. அந்த நேர்மையை மதிக்கிறேன், ஆனால் என் ஹெட்போனில் கம்பி இல்லையே!

கொள்கையில் கறாரான டெபியனே, கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை, அதாவது வைஃபை சில்லு போன்றவை இயங்கத் தேவையான நிரலை, 2023-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்பிலிருந்து தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்த்துக்கொண்டது. வைஃபைக்கான ஃபர்ம்வேரைப் பதிவிறக்குவதற்கே வைஃபை தேவைப்பட்ட பழைய வேடிக்கை பலருக்கும் நினைவிருக்கும். ஆகவே புது மடிக்கணினி என்றால், லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து ஏற்றி, வைஃபையை இணைத்து, மூடியை இரண்டு முறை மூடித் திறந்து பார்த்த பிறகே வட்டில் கை வையுங்கள்.

மேசைக்கணினி என்றால் கதை வேறு. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஃப்ரீபிஎஸ்டியை நிறுவி, ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் முன் ஒரு பூட் சூழலை, அதாவது அப்போதைய இயங்குதள நிலையின் நகலை, உருவாக்கி வைத்துக்கொண்டால், ஏதேனும் சொதப்பினாலும் தொடக்கப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்து நேற்றைய நிலைக்கே திரும்பிவிடலாம். என் பழைய மேசைக்கணினியில் அதுதான் ஓடுகிறது. அதற்குத்தான் மூடியே கிடையாதே.