சட்னிக்கு யார் கணக்கு போடுவது?

வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, சாப்பாட்டை அளந்து சாப்பிட்டு எடையைக் குறைக்கப் பாடுபடுகிற மனுஷனை ஹோட்டல் மெனு கார்டே ஏமாற்றினால் வயிறு எரியாதா?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) விதி ஒன்று 2022 ஜூலை 1 முதல் இருக்கிறது. 10 இடங்களிலோ அதற்கு மேலோ கிளை உள்ள ஹோட்டல்களும், அந்த ஆணையத்தின் மத்திய உரிமம் வாங்கியவையும் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எதிரே இரண்டு விஷயம் போட வேண்டும்: ஒரு தடவை பரிமாறுவது எவ்வளவு, அதில் எத்தனை கிலோ கலோரி (பேச்சில் சும்மா கலோரி என்போமே, அதுதான்). 9 கிளை வைத்திருப்பவர் பொதுவாக இதில் வரமாட்டார். தெருமுனை மெஸ், ராத்திரி பரோட்டா கடை பற்றிப் பேசவே வேண்டாம்.

போடுகிற இடத்திலாவது ஒழுங்காகப் போடுகிறார்களா? மசால் தோசைக்கு நேரே ஒரு எண் மட்டும் நிற்கும். எத்தனை கிராம் தோசைக்கு அந்த எண்? பல கார்டுகளில் அது இருக்காது, இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து. அதில் சட்னி சேர்ந்திருக்கிறதா, சாம்பார் சேர்ந்திருக்கிறதா? சர்வரைக் கேட்டுப் பயனில்லை, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சட்னியை லேசாக நினைக்காதீர்கள். தேங்காய் 100 கிராமுக்கு சுமார் 350 கலோரி. ஒரு கிண்ணம் சட்னியில் 30 கிராம் தேங்காய் போனாலே 100-ஐத் தாண்டிவிடும், பொட்டுக்கடலையும் தாளித்த எண்ணெயும் தனி. நடுத்தர அளவு இட்லி இரண்டு சேர்ந்தே 120 பக்கம்தான். வாளியோடு வந்து இரண்டாவது தடவை ஊற்றிவிட்டுப் போனால், இட்லியைவிட அதிகம் சட்னியிலேயே உள்ளே போய்விட்டது! விலை இல்லாமல், மெனுவில் பெயரும் இல்லாமல் நாமே எடுத்துக்கொள்ளும் சாஸ் மாதிரி வகைகளுக்கு விதியே விலக்கு தருகிறது. தக்காளி சாஸுக்கு அது சரி. இட்லியோடு கட்டாயம் வருகிற தேங்காய்ச் சட்னியை அந்தக் கணக்கில் விடுவது அநியாயம்.

அடுத்தது எண்ணெய். 1 கிராமுக்கு 9 கலோரி, ஒரு டீஸ்பூனுக்கு 45. கார்டில் இருக்கும் எண் செய்முறைத் தாளில் எழுதிய அளவை நம்பிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டத்தில் மாஸ்டர் ஸ்பூனால் அளப்பாரா? கரண்டியால் சுற்றி விடுவார். நெய் ரோஸ்ட்டில் இரண்டு மேஜைக்கரண்டி நெய் கூடப் போனால் 200-க்கு மேல் ஏறிவிடும், கார்டில் எண் அப்படியே இருக்கும்.

இதைவிடக் கோபம் வருவது, ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவை என்று கார்டின் அடியில் இருக்கும் அந்த வரியைப் பார்த்தால். சுறுசுறுப்பாக இயங்கும் சராசரி ஆளுக்கு அது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்குப்படி, உட்கார்ந்தே வேலை செய்யும் 55 கிலோ பெண்ணுக்குத் தேவை 1660. அந்த வரியை நம்பிச் சாப்பிடுகிறவருக்கு தினமும் 340 கூடுதல். எடை எப்படி இறங்கும்? தேவை ஆளுக்கு ஆள் மாறும் என்று கூடவே எழுதிவிட்டால் போதுமா, எப்படி மாறும் என்று யார் சொல்வது?

எண்ணே இல்லாத கடையில் நாமே கணக்குப் போட வேண்டியதுதான். ஒரு பரோட்டாவுக்கு மைதா 60 கிராம் என்றால் 210, உருட்டும்போதும் வீசும்போதும் கல்லிலும் சேர்ந்து 10 கிராம் எண்ணெய் என்றால் 90. ஆக 300. சால்னாவில் மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கி அடியில் இருந்து ஊற்றச் சொல்லுங்கள். தோசைக்கு "எண்ணெய் ஒரு ஸ்பூன் போதும்" என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், கல்லில் மாவு விழுந்த பிறகு சொல்லிப் பயனில்லை. சட்னியைக் கிண்ணத்தில் தனியாக வாங்கி, சாம்பாரை அதிகம் தொட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய கிளை ஹோட்டலில் கிராம் போடவில்லையென்றால் கார்டைப் படம் எடுத்து அதே ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்பில் புகார் போடுங்கள். "சட்னி, சாம்பார் சேர்த்து" என்றோ "சேர்க்காமல்" என்றோ, விலை போடுகிற அதே அளவு எழுத்தில் அச்சடிக்க இவர்களுக்கு எவ்வளவு மை செலவாகிவிடும்?