பழைய படம் எங்கே இருக்கிறது?

சென்ற மாதம் ஒரு பெண்மணி தம் தந்தையின் மார்பு சி.டி. ஸ்கேன் குறித்துப் பேச என்னிடம் வந்திருந்தார். நாள்பட்ட இருமலுக்காக எடுக்கப்பட்ட அந்த ஸ்கேனில், வலது நுரையீரலின் மேல் மடலில் 7 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சிறு முடிச்சு தெரிந்தது. அறிக்கையில் அதை எழுதியவன் நான்தான். அவர் கேட்டது ஒரே கேள்வி: “டாக்டர், இது புதுசா, முன்னாடியே இருந்ததா?” அதற்கான விடை என் கணினியில் இல்லை, அவருடைய கைப்பையில் இருந்தது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் வேறொரு மருத்துவமனையில், வேறொரு காரணத்துக்காக எடுத்த மார்பு சி.டி.யின் குறுந்தகட்டை அவர் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார். எங்கள் துறையில் இப்போதுள்ள எந்தக் கணினியிலும் தகடு போடும் வசதி கிடையாது. கணக்குப் பிரிவில் பழைய கணினி ஒன்று இருப்பதாக யாரோ சொல்ல, அங்கே போய்ப் போட்டுப் பார்த்தோம். தகடு சுழலும் ஓசை கேட்டது, திரையில் ஒரு பெட்டி திறந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் நகரவில்லை.

ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் என்னைப் போன்ற கதிரியல் மருத்துவருக்கு ஒரு பழைய படம் எவ்வளவு பெரிய கொடை என்பது துறைக்கு வெளியே பலருக்கும் தெரியாது. 6 முதல் 8 மில்லிமீட்டர் வரையுள்ள திண்ம முடிச்சு தற்செயலாகக் கண்ணில் பட்டால், 6 முதல் 12 மாதங்களுக்குள் மீண்டும் ஒரு சி.டி. எடுத்துப் பார்க்கச் சொல்கிறது மார்புப் படங்களில் தேர்ந்த வல்லுநர்களின் அமைப்பான ஃபிளைஷ்னர் சங்கம் 2017இல் திருத்திய வழிகாட்டி. அதே முடிச்சு இரண்டாண்டுகளுக்கு முன் எடுத்த படத்திலும் அதே அளவில் இருந்தால், பெரும்பாலும் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஒரு குடும்பம் பல மாதங்கள் தூக்கம் கெட்டுத் தவிப்பதற்கும், அன்று மாலையே நிம்மதியாக வீடு திரும்புவதற்கும் இடையே இருப்பது அந்த ஒரு தகடுதான். இத்துடன் கதிர்வீச்சுக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உலக சராசரியாக ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குப் பெறும் கதிர்வீச்சு சுமார் 2.4 மில்லிசீவர்ட், வழக்கமான மார்பு சி.டி. ஒன்று சுமார் 6 அல்லது 7 மில்லிசீவர்ட். பழைய படம் கிடைக்காததால் மட்டும் எடுக்கப்படும் ஸ்கேன், யாருக்கும் எந்தப் பயனும் இல்லாமல் நோயாளியின் உடலில் ஏற்றப்படும் சுமை.

மருத்துவமனைகள் ஒன்றோடொன்று ஒத்துழைத்து ஸ்கேன் சேவையை மேம்படுத்த வேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம், உடனே எல்லோரும் சர்வரையும் இணைய இணைப்பையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். என் கருத்தில் அதுதான் இருப்பதிலேயே எளிய பகுதி. படங்களுக்கான பொது மொழியை உருவாக்க அமெரிக்கக் கதிரியல் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பும் கருவி உற்பத்தியாளர்களின் சங்கமும் 1983லேயே கூடி உட்கார்ந்துவிட்டன. 1985இல் முதல் தரநிலை வந்தது. 1993இல் அது டைகாம் என்ற பெயரைப் பெற்றது. எந்த நிறுவனத்தின் கருவியில் எடுத்த படத்தையும் வேறெந்த நிறுவனத்தின் திரையிலும் திறக்க முடிவது அதனால்தான். ஒரு சி.டி. படத்தின் ஒரு வெட்டு, அதாவது உடலைக் குறுக்கே சீவியது போன்ற ஒரு தனிப் படம், ஏறத்தாழ அரை மெகாபைட். 600 வெட்டுகள் கொண்ட ஸ்கேன் 300 மெகாபைட். வீட்டில் நாம் பார்க்கும் ஒரு திரைப்படத்தைவிடச் சிறியது. ஆகவே ‘தொழில்நுட்பம் இல்லை’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சற்றே எரிச்சல் வருகிறது. இல்லாதது, எதைப் பகிர்வது, எப்படி எடுத்ததைப் பகிர்வது, பகிர்ந்த பிறகு யார் பொறுப்பு என்ற உடன்பாடு.

அந்தப் பெரியவரின் பழைய படம், அதை எடுத்த மருத்துவமனையிலிருந்து பத்தொன்பது நாட்கள் கழித்துக் கிடைத்தது. கடிதம், கையொப்பம், நேரில் வருகை, மறுபடியும் கடிதம் என்று அந்தப் பெண்மணி அலைந்த அலைச்சலை எழுதினால் அதுவே தனிப்பதிவாகிவிடும். படம் திறந்தது, முடிச்சும் அதே இடத்தில் இருந்தது. ஆனால் வந்திருந்தவை 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட வெட்டுகள் மட்டுமே. 7 மில்லிமீட்டர் முடிச்சு அத்தகைய படத்தில் ஒன்று அல்லது இரண்டு வெட்டுகளில்தான் முகம் காட்டும்; விளிம்பு மங்கிவிடும்; வளர்ந்திருக்கிறதா இல்லையா என்று அளவுகோல் வைத்துச் சொல்ல இயலாது. 1 மில்லிமீட்டர் வெட்டுகள் கேட்டோம். சேமிப்பு இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, மெல்லிய வெட்டுகளைச் சில வாரங்களிலேயே சர்வரிலிருந்து அழித்துவிடுவது அங்கே வழக்கம் என்று பதில் வந்தது. ‘முன்பே இருந்தது, பெரிதாக வளர்ந்ததாகத் தோன்றவில்லை, ஆயினும் உறுதிப்படுத்த ஆறு மாதத்தில் குறைந்த கதிர்வீச்சளவில் ஒரு சி.டி.’ என்று எழுதினேன். படம் பகிரப்பட்டது, பாதி விடை மட்டும் கிடைத்தது.

இதைவிடக் கசப்பான நிலை கல்லீரல் ஸ்கேனில் அடிக்கடி நேர்கிறது. கல்லீரல் கட்டியை இனங்காண, திசுக்களைப் படத்தில் எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசி வழியே செலுத்தத் தொடங்கிச் சுமார் 35 நொடியில் ஒரு முறையும், சுமார் 70 நொடியில் இன்னொரு முறையும், மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குப் பிறகு மற்றொரு முறையும் படமெடுக்க வேண்டும். கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் முதல் கட்டத்தில் மருந்தை வேகமாக உறிஞ்சி ஒளிரும், பின்னர் சுற்றியுள்ள திசுவைவிட மங்கிப்போகும்; அந்த ஏற்ற இறக்கம்தான் அதன் கையெழுத்து. சிறிய மருத்துவமனையில் வயிற்று வலிக்கென்று 70 நொடிப் படம் மட்டும் எடுத்து அனுப்பினால், அது எவ்வளவு தெளிவான படமாக இருந்தாலும் அறுவை மருத்துவரின் கேள்விக்குப் பதில் சொல்லாது. நோயாளிக்கு மறுபடியும் ஊசி, மறுபடியும் கதிர்வீச்சு, சிறுநீரகம் பலவீனமானவராக இருந்தால் கூடுதல் கவலை. இதில் அந்தச் சிறிய மருத்துவமனையின் டெக்னீஷியனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ‘கல்லீரலில் சந்தேகம் என்று சீட்டில் எழுதியிருந்தால் இப்படி எடுங்கள்’ என்று பெரிய மருத்துவமனை அவரிடம் ஒரு பக்கக் குறிப்புகூடக் கொடுத்ததில்லை.

இரவு நேரப் பக்கவாதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூளையின் பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், சராசரியாக ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் இறக்கின்றன என்பது 2006இல் வெளியான ஒரு மதிப்பீடு. அந்த வேளையில் கதிரியல் மருத்துவர் இல்லாத மருத்துவமனைகள் என்ன செய்கின்றன என்றால், திரையில் தெரியும் சி.டி. படத்தைக் கைப்பேசியில் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றன. எனக்கு வந்த அத்தகைய படங்களில் ஒன்றில், அறையின் டியூப்லைட் திரையில் பிரதிபலித்து மூளையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. விளக்கை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள் என்று நான் கேட்க, அனுப்பியவர் விளக்கை அணைத்து, சற்றுச் சாய்வாக நின்று இன்னொரு படம் எடுத்தனுப்பினார். அதில் நோயாளியின் முழுப்பெயரும் வயதும் தெளிவாகத் தெரிந்தன, மூளைதான் தெளிவாகத் தெரியவில்லை. பக்கவாதத்தின் தொடக்க மாற்றம் என்பது சாம்பல் நிறப் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் இடையே சில ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுகளே (சி.டி.யில் திசுவின் அடர்த்தியைக் குறிக்கும் அளவு) உள்ள வேறுபாடு மங்குவதுதான். உண்மையான டைகாம் படத்தில் வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் கூட்டிக் குறைத்து அதைத் தேடிப் பிடிக்கலாம். புகைப்படத்தில் எடுத்தவருக்குத் தெரிந்தது மட்டுமே நமக்கும் தெரியும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா, குழாய் செலுத்தி அடைப்பை எடுக்கும் வசதியுள்ள இடத்துக்கு உடனே அனுப்பலாமா என்ற முடிவை அந்தக் கோடு விழுந்த படத்தை வைத்து எடுக்கச் சொல்வது, படிப்பவருக்கும் நல்லதல்ல, நோயாளிக்கும் நல்லதல்ல.

ஆனாலும் அந்த வாட்ஸ்அப் படங்களை அனுப்புகிறவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. முறையான ஏற்பாடு எதுவும் இல்லாத இடத்தில், தெரிந்த மருத்துவரின் எண்ணை வைத்துக்கொண்டு அவர்களே ஒரு ஒத்துழைப்பை உருவாக்கிவிட்டார்கள். நாம் செய்ய வேண்டியது அதைத் தடை செய்வதல்ல; அதே வேகத்தில், பாதுகாப்பாக, முழுப் படத்தையும் அனுப்பும் வழியை அவர்கள் கையில் கொடுப்பது. அந்த வழியில் ஒருவர் படித்துச் சொன்ன கருத்து எழுத்தில் பதிவாக வேண்டும். எத்தனை மணிக்கு, யாரிடம் சொல்லப்பட்டது என்பதும் பதிவாக வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் ‘ஒன்றும் இல்லை போலத் தெரிகிறது’ என்று சொன்ன சொல்லுக்கு மறுநாள் காலையில் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காத எந்த இணைப்பும் முதல் வழக்கிலேயே அறுந்துபோகும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேசுவது நேர்மையாகாது. மறு ஸ்கேன் எடுப்பது மருத்துவமனைக்கு வருமானம். பழைய படத்தைத் தேடி வாங்கி ஒப்பிட்டுப் படிப்பது அரை மணி நேர உழைப்பு, அதற்குத் தனிக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. இந்தக் கணக்கு மாறாதவரை, எத்தனை ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டாலும் ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்பவர்கள்தான் அதிகமாக இருப்பார்கள். வெளியில் எடுத்த படத்தைப் படித்து அறிக்கை தருவதைத் தனிப் பணியாக ஏற்று அதற்கு ஊதியம் தருவது, என்னைப் பொறுத்தவரை, புதிய எம்.ஆர்.ஐ. கருவி ஒன்று வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம். இங்கிலாந்தில் பேராசிரியர் மைக் ரிச்சர்ட்ஸ் தலைமையில் 2020 அக்டோபரில் வெளிவந்த அறிக்கை, நோயறியும் சேவைகளில் அவசர நோயாளிகளையும் முன்பதிவு நோயாளிகளையும் பிரிப்பது, மருத்துவமனைகளுக்கு வெளியே பொதுவான பரிசோதனை மையங்கள் அமைப்பது, ஸ்கேன் துறைகளை வலையமைப்புகளாக இணைப்பது என்றெல்லாம் பரிந்துரைத்தது. அந்த வடிவம் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கருவிகளை எண்ணுவதோடு நில்லாமல், அவற்றை இயக்குபவர்களையும் படங்களைப் படிப்பவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டது அதன் சிறப்பு. கருவி பழுதானால் அடுத்த மருத்துவமனைக்கு நோயாளிகளைத் திருப்பிவிடுவது, பொறியாளரையும் கதிர்வீச்சு இயற்பியலாளரையும் பொதுவில் வைத்துக்கொள்வது போன்றவை பயனுள்ளவைதான். மனமிருந்தால் ஒரு வாரத்தில் செய்துவிடலாம் என்பதால் இங்கே விரிவாக எழுதவில்லை.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது படிக்கும் கண்ணைப் பகிர்வதை. 1949இல் கார்லண்ட் என்னும் கதிரியல் மருத்துவர், அனுபவம் மிக்கவர்களே நோய் உள்ள மார்பு எக்ஸ்ரேக்களில் சுமார் 30 விழுக்காட்டில் நோயைத் தவறவிடுகிறார்கள் என்று எழுதியபோது துறையே திடுக்கிட்டது. அதன் பிறகு கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, கண் மாறவில்லை. எங்கள் வட்டாரத்தில் மூன்று மருத்துவமனைகளைச் சேர்ந்த கதிரியல் மருத்துவர்கள் சில மாதங்களாக மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு மணி நேரம் காணொலியில் கூடுகிறோம். யாருடைய அறிக்கை என்பதை மறைத்துவிட்டுப் படங்களைத் திறக்கிறோம். இரண்டாவது கூட்டத்தில் முதுகெலும்பு எம்.ஆர்.ஐ. ஒன்று வந்தது. வட்டு பிதுங்கியிருப்பதை எழுதியவர், படத்தின் ஓரத்தில் பாதி மட்டும் தெரிந்த சிறுநீரகத்தில் இருந்த ஒரு சிறு கட்டியை எழுதவில்லை. அந்த நோயாளி எட்டு மாதங்கள் கழித்து மற்றொரு மருத்துவமனையில் வயிற்று அல்ட்ராசவுண்டு எடுத்தபோதுதான் கட்டி தெரிய வந்திருக்கிறது. பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும் வாக்கிய நடையைப் பார்த்ததும் அது என் அறிக்கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒலியை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன், பிறகு நானே சொன்னேன்.

அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் அந்தத் தவறு எனக்கு ஆயுள் முழுவதும் தெரிந்திருக்காது. நோயாளி இடம் மாறிவிடுகிறார், அவருடைய கதையின் முடிவு வேறொரு கட்டடத்தில் எழுதப்படுகிறது, முதல் அறிக்கையை எழுதியவர் தாம் சரியாகத்தான் எழுதினோம் என்று நம்பிக்கொண்டே அடுத்த படத்தைத் திறக்கிறார். இப்போதெல்லாம் முதுகெலும்புப் படத்தைப் படித்து முடித்ததும் ஓரங்களை ஒருமுறை தனியாகப் பார்க்கிறேன். மற்ற இரண்டு மருத்துவமனைகளிலும் அப்படியே செய்வதாகச் சொன்னார்கள்.

மூன்றாவது கூட்டத்தில் நான் அந்தப் பெரியவரின் நுரையீரல் முடிச்சைக் கொண்டுபோனேன். மெல்லிய வெட்டுகளை அழித்த மருத்துவமனையின் கதிரியல் மருத்துவரும் அதில் இருந்தார். அவர் எதிர்வாதம் எதுவும் செய்யவில்லை, மார்பு சி.டி.களின் 1 மில்லிமீட்டர் வெட்டுகளைக் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது வைத்திருக்கச் சொல்லித் தம் நிர்வாகத்துக்கு அன்றே எழுதுவதாகச் சொன்னார், எழுதியும் விட்டார். கூடுதல் சேமிப்புத் தட்டுகள் வாங்குவதற்கான அந்தக் கோப்பு, நேற்று விசாரித்தபோது, இரண்டாவது மேசையைத் தாண்டியிருக்கிறது. இன்னும் இரண்டு கையொப்பங்கள் வேண்டுமாம். பெரியவருக்கு அடுத்த ஸ்கேன் ஐந்து மாதங்கள் கழித்து.