மாடிக்குப் போன தம்பி

ராத்திரி சீரியல் நேரத்துலதான் அம்மா வாழைப்பூ ஆய்வாங்க. கை பாட்டுக்குக் கள்ளனை உருவிப் போட்டுட்டிருக்கும், கண்ணு டிவியில. போன வாரம் திடீர்னு, "ஏண்டா, இந்த சீரியல் வீட்ல சின்னப் பையன் ஒருத்தன் இருந்தானே, எங்க?"ன்னாங்க. யோசிச்சுப் பார்த்தா, மாடிக்குப் போய்ப் படிக்கிறேன்னு சொல்லிட்டுப் போய் ஆறு மாசமாச்சு. இன்னும் இறங்கலை.

மெகா சீரியலுக்கு முடிவை முதல்லயே யோசிச்சு வெக்கணும்னு சொன்னா, "ஜனங்க முடிவுக்காகவா பார்க்குறாங்க?"ம்பாங்க. வாஸ்தவம்தான். எங்கம்மாவே எந்த சீரியலோட கடைசி எபிசோடையும் ஒழுங்கா பார்த்ததில்லை. ஆனா முடிவு இல்லாத குறை கடைசி நாள்ல தெரியாதுங்க, நடுவுலதான் தெரியும். போற ஊர் தெரியாததாலதான் தாலி கட்டுற நேரத்துல கல்யாணம் நிக்குது, விஷம் கலந்த பால் டம்ளர் ஆள் மாறுது, கன்னத்துல விழுற ஒரு அறைக்கு ஒன்பது மூஞ்சியை மூணு மூணு தடவை காட்டுறாங்க.

'மெட்டி ஒலி' 2002லேருந்து 2005 வரைக்கும் 800 எபிசோடுக்கு மேல ஓடுச்சு. இழுவை இல்லையான்னா, இருந்துச்சு. ஆனா அப்பா சிதம்பரத்துக்கு அஞ்சு பொண்ணுங்க, அஞ்சு பேரும் போன இடத்துல நல்லா இருக்கணும். எங்க சுத்தினாலும் கதை அந்த அப்பாகிட்டயே வந்து நிக்கும்.

'எதிர்நீச்சல்' வேற மாதிரி. அதுல ஆதி குணசேகரனா வாழ்ந்த நடிகர் மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் தேதி இறந்துட்டார். எந்தத் திட்டம் இதைத் தாங்கும்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். மாரிமுத்துவோட அந்த 'இந்தாம்மா ஏய்' வசனம் இல்லாத குணசேகரனை ஏத்துக்க எனக்கு ரொம்ப நாளாச்சு. ஆனா அந்த வீட்டு மருமகள்கள் வாசலைத் தாண்டுவாங்களா மாட்டாங்களாங்கிற கேள்வி மட்டும் ஆள் மாறியும் மாறலை. அதனாலதான் கதை தாக்குப் பிடிச்சுதுன்னு நினைக்கிறேன். 2024 ஜூன்ல முடிச்சவங்க, டிசம்பர்லயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது'ன்னு வந்துட்டாங்க. அப்போ ஜூன்ல வந்தது முடிவா, இடைவேளையா?

எழுதுறவங்களை மட்டும் திட்ட மனசு வரலை. வியாழக்கிழமையானா எத்தனை பேர் பார்த்தாங்கங்கிற டிஆர்பி கணக்கு வந்துடும். இறங்கினா கதை ட்ராக்கை மாத்தணும். ரொம்ப இறங்கினா ரெண்டு வாரத்துல மூட்டை கட்டணும். மூணு வருஷமா குடும்பத்தையே கொல்லப் பார்த்த வில்லி மூணே நாள்ல திருந்திக் கால்ல விழுவா. ஒரு வளைகாப்பு, ஒரு குரூப் போட்டோ, சுபம்.

எபிசோட் கணக்கு, தேதி எதுவும் நான் கேட்கலை. இந்தக் கதை என்ன கேட்குது, அதுக்கு என்ன பதில்னு முதல் நாளே ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுட்டு, அப்புறம் எத்தனை வருஷம் வேணா ஓட்டுங்க.

விளம்பரம் வந்ததும் அம்மா ஆய்ஞ்ச பூவை மோர்ல போட எழுந்துபோனாங்க. "அவன் இறங்கி வந்தா கூப்பிடு."