டாட்ஜர்ஸ் டிவில தெரியாத அந்த ஆறு வருஷம்

ஜப்பான் ஸ்டார் ஓட்டானி வந்ததுக்கப்புறம் நம்ம தமிழ் ஆளுங்க நிறைய பேர் லாஸ் ஏஞ்சல்ஸ் (எல்.ஏ.) பேஸ்பால் டீமான டாட்ஜர்ஸ் பக்கம் வந்துட்டாங்க, ரொம்ப சந்தோஷம். போன வாரம் ஒரு தம்பி கேட்டாரு, "அண்ணா, 2024, 2025ன்னு தொடர்ந்து ரெண்டு வேர்ல்ட் சீரிஸ் (பேஸ்பால் சாம்பியன்ஷிப்) ஜெயிச்சாச்சு, இன்னும் ஏன் எல்.ஏ.ல இருக்கற பழைய ரசிகர்கள் ஓனர்கள் மேல கடுப்பாவே இருக்காங்க"ன்னு. கமெண்ட்ல சொல்லி முடியாது, அதான் தனியா எழுதறேன். நீளமாத்தான் இருக்கும்.

2014லேர்ந்து 2020 வரைக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ்ல பாதிக்கும் மேற்பட்ட வீடுகள்ல லாஸ் ஏஞ்சல்ஸ் டீமோட மேட்ச் டிவில வராது. இப்போ வந்தவங்களுக்கு இதை நம்பவே கஷ்டமா இருக்கும்.

2012ல குகன்ஹைம்னு ஒரு முதலீட்டு குரூப் டீமை 200 கோடி டாலருக்கு மேல குடுத்து வாங்கினாங்க. அவ்ளோ பணம் போட்டா எடுக்கணும்ல, அடுத்த வருஷமே டைம் வார்னர் கேபிளோட 25 வருஷத்துக்கு 835 கோடி டாலர் ஒப்பந்தம், டாட்ஜர்ஸுக்குன்னே ஸ்போர்ட்ஸ்நெட் எல்.ஏ.ன்னு ஒரு தனி சேனல். சரி அந்த 835 கோடியை டைம் வார்னர் எங்கேர்ந்து எடுக்கும்? மத்த கேபிள், டிஷ் கம்பெனிங்ககிட்ட சப்ஸ்க்ரைபர் ஒருத்தருக்கு மாசம் கிட்டத்தட்ட 5 டாலர் கேக்கறாங்கன்னு அப்போ செய்தி வந்துச்சு, அதுவும் பேஸ்பால் பாக்கறவன் பாக்காதவன் எல்லாரோட பில்லுலயும் ஏத்தணும். டைரக்ட்டிவிங்கற டிஷ் கம்பெனி, வேணுங்கறவங்க மட்டும் தனியா காசு கட்டி பாக்கட்டும்னு நின்னாங்க. டைம் வார்னர் அதுக்கு ஒத்துக்கல. 2014 பிப்ரவரி கடைசில சேனல் தொடங்குச்சு, டைம் வார்னர் கனெக்‌ஷன் இருக்கற வீடுகளைத் தவிர ஊர்ல பெரும்பாலும் யாருக்கும் வரல.

டைரக்ட்டிவி சொன்னதுலயும் நியாயம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். பேஸ்பாலே பாக்காத வீட்டுக்காரர் எதுக்கு வருஷத்துக்கு 60 டாலர் அழணும்? ஆனா அதே டைரக்ட்டிவி மேல 2016 நவம்பர்ல அரசாங்கத்தோட ஜஸ்டிஸ் டிபார்ட்மெண்ட்டே கேஸ் போட்டுச்சு, இந்த சேனலை எடுக்கறதா வேணாமான்னு போட்டிக் கம்பெனிங்களோட உள்ளுக்குள்ள தகவல் பரிமாறிக்கிட்டாங்கன்னு. 2017 மார்ச்ல செட்டில்மெண்ட் ஆச்சு, இனிமே அப்படி பண்ணமாட்டோம்ங்கற அளவுல முடிஞ்சுது. ரசிகனுக்கு அதால ஒரு மேட்ச் கூட கூடுதலா கிடைக்கல.

"கம்பெனியை மாத்திக்க வேண்டியதுதானே"ன்னு சொன்னவங்களும் இருந்தாங்க. எப்படி மாத்தறது? உங்க தெருவுல எந்த கேபிள் வருதோ அதுதான் உங்களுக்கு, அவங்க அந்த சேனல் குடுக்கலன்னா போச்சு. நெட்ல பாக்கலாம்னு பேஸ்பால் லீக்கோட எம்.எல்.பி. டிவிக்கு காசு கட்டினா அப்போ அங்க பிளாக்அவுட், உள்ளூர்ல இருந்தவனுக்கு உள்ளூர் டீம் காட்டமாட்டாங்க. நியூயார்க்ல உக்காந்திருக்கறவன் ஹாயா டாட்ஜர்ஸ் பாப்பான், ஸ்டேடியத்துலேர்ந்து அஞ்சு மைல்ல இருக்கறவனுக்கு கறுப்பு ஸ்க்ரீன். எனக்கு இன்னிக்கும் வயிறெரியுது.

இப்போ டாட்ஜர்ஸ் கமெண்டேட்டர் வின் ஸ்கல்லியைப் பத்தி சொல்லணும். 1950ல டீம் புரூக்ளின்ல இருந்தப்போ மைக் பிடிச்ச மனுஷன், 2016 வரைக்கும் 67 சீசன், பக்கத்துல துணைக்கு ஒரு ஆள் இல்லாம தனியா உக்காந்து கதை சொல்லிக்கிட்டே மேட்சையும் சொல்லுவாரு. 1958ல டீம் எல்.ஏ. வந்த புதுசுல கிரவுண்டுக்குப் போறவங்களே டிரான்சிஸ்டர் எடுத்துட்டுப் போய் அவர் சொல்றதைக் கேட்டுக்கிட்டே மேட்ச் பாப்பாங்களாம். அப்படிப்பட்டவரோட கடைசி மூணு சீசன்தான் ஊரே பாக்க முடியாம போச்சு. ரேடியோல அவர் குரல் ஒன்பது இன்னிங்ஸ்ல முதல் மூணு மட்டும் வரும், அப்புறம் வேற கமெண்டேட்டர்ஸ் வந்துருவாங்க. எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் சின்ன வயசுலேர்ந்து ஸ்கல்லி கேட்டு வளர்ந்தவர், சாயங்காலம் கராஜ் கதவைத் திறந்து வச்சு ரேடியோவை மேஜைல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பார், மூணாவது இன்னிங்ஸ் முடிஞ்சதும் வால்யூமைக் குறைச்சுருவார். அணைக்க மாட்டார், மேட்ச் ஓடணும்ல, ஆனா முகத்துல இருந்த அந்தக் களை போயிரும். ஸ்கல்லியோட கடைசி ஆறு மேட்சை மட்டும் கே.டி.எல்.ஏ.ன்னு ஃப்ரீ சேனல்ல போட்டாங்க. 2014 சீசன் கடைசிலயும் ஒரு ஆறு மேட்ச் அப்படி வந்துச்சு.

2014 ஜூன் 18, டாட்ஜர்ஸ் பிட்சர் கெர்ஷா நோ-ஹிட்டர் போட்ட நாள். ஒன்பது இன்னிங்ஸும் அவரே வீசி எதிர் டீமுக்கு ஒரு ஹிட் கூட குடுக்கல, 15 ஸ்டிரைக்அவுட், நடுவுல ஒரு ஃபீல்டிங் எரர் மட்டும் இல்லன்னா அது பெர்ஃபெக்ட் கேம், அதாவது எதிர் டீம்ல ஒருத்தர் கூட பேஸுக்கே போகாத மேட்ச். சொந்த கிரவுண்டுல, சொந்த ஊர்ல நடந்தது. ஊர்ல முக்கால்வாசி பேர் மறுநாள் ஹைலைட்ஸ்லதான் பாத்தாங்க.

ரெண்டு கம்பெனி காசுக்கு அடிச்சுக்கறது புதுசில்ல, அவங்க வேலையே அதுதான். எனக்குக் கோபம் டாட்ஜர்ஸ் கிளப் மேல. எவ்ளோ வீட்டுக்கு சேனல் போகும்னு உறுதி பண்ணிக்காம கையெழுத்துப் போட்டுட்டு, பிரச்னை வந்ததும் இது டிவிக்காரங்க விவகாரம்ங்கற மாதிரி ஒதுங்கி நின்னாங்க. அதே 2014ல 37 லட்சம் பேருக்கு மேல டிக்கெட் எடுத்து வந்திருக்காங்க, அந்த வருஷம் மொத்த பேஸ்பால்லயே அதிகம். அவ்ளோ விசுவாசமான கூட்டம். ஆனா டிக்கெட், பார்க்கிங், சாப்பாடுன்னு ஒரு குடும்பத்துக்கு ஆகற செலவுக்கு எத்தனை தடவை போக முடியும்? வயசானவங்க, நைட் ஷிப்ட் பாக்கறவங்க, ஆஸ்பத்திரில கிடக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் டிவிதான் கிரவுண்டு.

அந்த டிவி காசுலதான் இன்னிக்கு ஓட்டானி ஆடறாரு, கப்பு வருதுன்னு சொல்றவங்களுக்கு, ஆமா, அதுல உண்மை இருக்கு, நானும் ஒவ்வொரு மேட்சும் ரசிக்கறேன். ஆனா 2014ல ஆறு வயசா இருந்த புள்ளைக்கு 2020ல பன்னெண்டு வயசு. ஆட்டம் மனசுல ஒட்டற வயசே அதுதான். நேஷனல் சேனல்ல பிளேஆஃப் வர்ற அக்டோபர்லதான் பெரும்பாலும் டீமையே பாத்துச்சு. கடைசில 2020 ஏப்ரல் 1ம் தேதி டைரக்ட்டிவில சேனல் வந்துச்சு, அப்போ கொரோனால பேஸ்பாலே நின்னு போயிருந்துச்சு. ஜூலைலதான் தொடங்குச்சு. அந்த வருஷம் 1988க்கு அப்புறம் முதல் தடவையா கப்பும் வந்துச்சு. எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைப் பாக்க இல்ல.

இந்த ஒப்பந்தம் 2038 வரைக்கும் இருக்கு. அடுத்ததுல எத்தனை ஆயிரம் கோடி வேணா வாங்கிக்கட்டும், ஊர்ல பத்துல எட்டு வீட்டுக்காவது சேனல் போய்ச் சேர்ற வரைக்கும் வாரம் ரெண்டு மேட்ச் ஃப்ரீ சேனல்லன்னு ஒரு வரி எழுதச் சொல்லி இப்போலேர்ந்தே கேக்கணும். புதுசா வந்த நீங்களும் சேர்ந்து கேளுங்க.