கையெழுத்து போட்டால் புத்தகம் வந்துவிடாது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை மாணவிக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய தமிழ் பிரெய்ல் புத்தகம், அந்த நாடு ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் போட்டிருப்பதால் நின்றுபோனதைச் சொல்லும் பதிவின் கீழே, "இதுக்கெல்லாம் ஒப்பந்தமா? பிடிஎஃப் அனுப்பினா போச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு வலித்தது.

ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப் வெறும் படம். எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் அதில் ஓர் எழுத்தைக்கூடப் படிக்காது. படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் போட்டால் துணைக்கால் 'ர' ஆகிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி உதிர்ந்துவிடும். அச்சுக்காகச் செய்த பழைய டிடிபி கோப்பு என்றால் எழுத்துரு எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடே இல்லை, திறந்தால் குப்பைதான். யாராவது உட்கார்ந்து வரிவரியாக மெய்ப்பு பார்த்து, தலைப்பு குறித்து, பக்க எண் சேர்த்தால்தான் காதால் கேட்டுப் படிக்கும் டெய்சி கோப்போ பிரெய்ல் அச்சோ வரும். ஒரு நாட்டில் இவ்வளவும் முடிந்த புத்தகத்தை இன்னொரு நாட்டில் முதலிலிருந்து செய்யச் சொல்வது என்ன நியாயம்?

இந்த அநியாயத்துக்காகத்தான் 2013ல் மராகேஷ் உடன்படிக்கை வந்தது: பார்வையற்றோர் படிக்கும் வடிவில் பிரதி எடுக்கவும், அதை நாடு விட்டு நாடு அனுப்பவும் பதிப்புரிமையில் விலக்கு. 2014ல் முதல் ஆளாக உறுதிப்படுத்தியது, அதாவது இதற்குக் கட்டுப்படுகிறேன் என்று முறைப்படி ஏற்றது, இந்தியா. 20 நாடுகள் சேர்ந்த பிறகு, 2016 செப்டம்பர் 30 முதல் நடைமுறை. இலங்கையும் சிங்கப்பூரும் உள்ளே இருக்கின்றன. ஆனால் நம் கதவு மட்டும் திறந்திருந்து பயனில்லை. அனுப்புகிற நாடும் உறுதிப்படுத்த வேண்டும், தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்த வேண்டும். மாநாட்டில் போட்ட கையெழுத்தை நம்பி எந்த நூலகரும் பெட்டி கட்ட முடியாது. கட்டினால் அவர் ஊர்ச் சட்டத்தில் அது திருட்டுப் பிரதி. திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: உறுதிப்படுத்த வேண்டும்.

"பதிப்பாளர் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்கிறார் ஒருவர். பிரதி போவது லாப நோக்கமில்லாத பள்ளி, நூலகம், தொண்டு அமைப்பு வழியாக. கிடைப்பது அச்சுப் புத்தகத்தைப் படிக்க முடியாதவருக்கு, கையில் பிடிக்க முடியாதவருக்கு. இவர்கள் எந்தக் கடையில் எதை வாங்கியிருப்பார்கள், சொல்லுங்கள்?

"வாளையார் தாண்டினால் கோவை, அங்கே வாங்கட்டும்." அங்கே இருந்தால் வாங்கியிருக்கமாட்டார்களா? கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகா தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழும் மலையாளமும், இந்திய மொழிகளுக்குப் பொதுவான ஒரே பாரதி பிரெய்லில்தான். 'க' இரண்டிலும் அதே இரண்டு புள்ளி. விரல் தயார். புத்தகம்தான் இல்லை.

தபாலைக் குறை சொல்லாதீர்கள். பார்வையற்றோருக்கான பொட்டலம் 7 கிலோ வரை தரைவழியில் இலவசம். ஒட்டி மூடாமல், பிரித்துப் பார்க்கும்படி கட்ட வேண்டும், அவ்வளவுதான். பிரெய்ல் புத்தகங்களைப் படுக்கப்போட்டு அடுக்கினால் மேல் கனத்தில் புள்ளி அமுங்கி விரலுக்குத் தட்டாது, நிற்கவைத்து அடுக்குங்கள். இதெல்லாம் நாமே பார்த்துக்கொள்ளலாம். சட்டத்தை அரசுதான் மாற்ற முடியும்.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களே, உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பட்டியலில் உங்கள் நாடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். இருந்தாலும் சட்டத்தைப் படியுங்கள்: "கடையில் கிடைக்காவிட்டால் மட்டும்" என்ற நிபந்தனையை உடன்படிக்கை அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. அந்த வரி இருந்தால், பாலக்காட்டுக் கடைகளில் தமிழ் பிரெய்ல் விற்கிறதா என்று அங்கிருக்கும் நூலகர் தேடி முடிப்பதற்குள் பரீட்சையே முடிந்துவிடும். அதை எடுக்கச் சொல்லியும் எழுதுங்கள்.